மரம் முந்தியா, கம்பம் முந்தியா? - மதுரைத் தெருக்களில் ஒரு பழைய வழக்கு

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் மின்கம்பத்தை மின்கம்பம் என்று சொல்வது அபூர்வம். "லைட்டு மரம்", "கரண்டு மரம்", "போஸ்ட்டு மரம்" இப்படித்தான் சொல்வார்கள். அதற்கும் முந்தைய தலைமுறை, தண்டவாளத்தின் ஓரமாக நின்றதைத் "தந்தி மரம்" என்றது. குழி தோண்டி நட்டு நிமிர்த்தி வைத்த எதுவும் மரம்தானே! மரக்கம்பம் இரும்பாக மாறியது, இரும்பு சிமெண்டாக மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த நட்ட மரத்துக்கும் பக்கத்தில் முளைத்த மரத்துக்கும் இடையே நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தெருவில் பழைய கம்பத்தை எடுத்துவிட்டுப் புதுக் கம்பம் நடும் நாளில், கூடவே ஒரு வேப்பமரத்தின் பாதிக் கொப்புகளும் தரையில் கிடக்கும். வீட்டுக்காரருக்கும் வயர்மேனுக்கும் வாக்குவாதம் நடக்கும். "இந்த மரம் எங்க அப்பா வச்சது சார்" என்பார் ஒருவர். "கம்பி அதுக்கு முன்னாடியே போகுது சார்" என்பார் மற்றவர். இருவருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது, 1885ஆம் ஆண்டிலிருந்து!

முதலில் மரத்தின் கதை. மதுரைக்குக் கடம்பவனம் என்று ஒரு பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தல விருட்சமும் கடம்பமரம்தான். காட்டை அழித்து ஊர் உண்டாக்கியதாகத்தான் தலபுராணமே தொடங்குகிறது. ஆகவே இந்த ஊருக்கு மரம் வெட்டுவது ஒன்றும் புதிதல்ல! மரம் நட்டதற்கும் சரித்திரம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் தெற்கே கன்னியாகுமரி நோக்கிப் போட்ட சாலையும், அதன் இருபுறமும் நிழல் மரங்களும், வழிநெடுக சத்திரங்களும் இன்றும் பேசப்படுகின்றன. தென்மாவட்டங்களில் பல இடங்களில் "மங்கம்மா சாலை" என்ற பெயர் இன்னமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சாலை என்றாலே நிழலும் சேர்ந்ததுதான். மாட்டு வண்டிக்கும் நடந்து போகிறவனுக்கும் புளியமரமும் ஆலமரமும் மருதமரமும் இல்லாத சாலையால் என்ன பயன்? வெள்ளைக்காரன் காலத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. சாலையோரப் புளியமரத்தின் காய்ப்பை ஏலம் விடும் பழக்கம் நெடுஞ்சாலைத் துறையிடம் வெகுகாலம் இருந்து வந்தது.

அடுத்து கம்பத்தின் கதை. மதுரையில் தெருவில் நட்ட தூண்களில் மிகவும் புகழ்பெற்றது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லலாம், விளக்குத்தூண்! கீழமாசி வீதிப் பக்கம் போகிறவர்கள் அதைத் தினமும் தாண்டிப் போகிறார்கள். அது யார் நினைவாக நின்றது என்பது பலருக்குத் தெரியாது. 1830களின் கடைசியிலும் 1840களிலும் மதுரைக் கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். நெரிசலில் தவித்த ஊரைச் சுற்றியிருந்த பழைய கோட்டைச் சுவரை இடித்தும் அகழியைத் தூர்த்தும் ஊரை விரிவாக்கியவர் இவர்தான். இடித்துத் தூர்த்தவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்துவிடும் யோசனையால் வேலை சுலபமாக முடிந்தது. வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். நில அளவை செய்த மாரட், வேலையைக் கவனித்த பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில் வீதிகளே இருக்கின்றன. கலெக்டருக்கு நன்றி சொல்ல ஊர்க்காரர்கள் வைத்ததுதான் அந்த விளக்குக் கம்பம். அன்று அதில் எரிந்தது எண்ணெய் விளக்கு. கம்பி கிடையாது. ஆகவே மரத்தோடு அதற்குச் சண்டையும் கிடையாது!

சண்டை ஆரம்பித்தது கம்பி வந்த பிறகுதான். 1839இல் கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவில் ஓஷாக்னெஸி என்ற மருத்துவர், மூங்கில் கம்புகளில் கம்பி கட்டித் தந்தி அனுப்பிப் பார்த்தார். (இந்தியாவின் முதல் தந்திக் கம்பியே மரங்களுக்கு நடுவில்தான் ஓடியது என்பது ஒரு தற்செயல்.) 1850களில் நாடு முழுவதும் தந்தி மரங்கள் நடப்பட்டன. காற்றில் கிளை ஆடிக் கம்பியில் பட்டால் செய்தி தடைப்படும். எனவே 1885இல் வந்த இந்தியத் தந்திச் சட்டத்தில் மரத்துக்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள். தந்திக் கம்பிக்கு இடைஞ்சலாக நிற்கும் மரத்தை அகற்றும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அவர் உத்தரவு போடலாம். ஆனால் அந்த மரம் கம்பி வருவதற்கு முன்பே அங்கே நின்றிருந்தால், மரத்துக்கு உரியவருக்கு நியாயமான நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும்.

மரம் முந்தியா, கம்பம் முந்தியா என்ற கேள்வி சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

1910இல் இந்திய மின்சாரச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். "மரம்" என்றால் செடி, வேலி, புதர், காட்டுச் செடி எல்லாமே அடக்கம் என்று ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் பிரிவு 68ஐப் புரட்டினால் அதே வாசகம் கிட்டத்தட்ட அதே வரிசையில் இருக்கும். இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது. தந்திக் கம்பிக்காக எழுதிய விதி மட்டும் மின்கம்பி மேல் ஏறி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது!

சரி, மதுரைக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? விடை ஒரு பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. திருப்பரங்குன்றம் சாலையில் பழங்காநத்தத்துக்கும் பசுமலைக்கும் நடுவே "பைகாரா" என்று ஒரு இடம். நீலகிரியில் ஓடும் ஆற்றின் பெயர் மதுரைக்கு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரை 3,000 அடிக்கு மேல் உயரத்திலிருந்து குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சென்னை மாகாண அரசு 1929இல் தொடங்கியது. 1932இல் மின் உற்பத்தி ஆரம்பமானது. முதலில் கோயம்புத்தூர் மில்களுக்குப் போன மின்சாரம், 1930களிலேயே உடுமலைப்பேட்டை வழியாக மதுரைக்கும் விருதுநகருக்கும் நீண்டது. அந்த மின்சாரம் வந்து இறங்கிய துணை மின்நிலையத்தின் பெயர் அந்த வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கம்பத்துக்குக் கம்பம் தாவி வந்த பெயர் அது.

1944இல் பாபநாசம், 1958இல் பெரியாறு மின்நிலையம் என்று அடுத்தடுத்து வந்தன. இதில் பெரியாறு மதுரைக்காரர்களுக்கு மிகவும் நெருக்கமானது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர், லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் வைகைக்கு வந்து மேலூர் வரை வயலுக்குப் பாய்கிறது. ஒரே தண்ணீர் விளக்கையும் எரிக்கிறது, நெல்லையும் விளைவிக்கிறது. 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் (அன்றைய பெயரில் சென்னை மாநில மின்சார வாரியம்) பிறந்த பிறகு கிராமம் கிராமமாகக் கம்பம் நடும் வேலை வேகம் பிடித்தது. கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைப்பதற்காகவே வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பக்கமெல்லாம் வரப்போரமாகக் கம்பங்கள் வரிசை கட்டின.

இத்தனை கம்பத்துக்கு மரத்துக்கு எங்கே போவது? மரக்கம்பத்தைக் கரையான் அரிக்கும். இரும்போ விலை அதிகம், துருவும் பிடிக்கும். எனவே சிமெண்ட் கம்பம் வந்தது. இதற்குப் பின்னால் சுவாரஸ்யமான ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். யூஜின் பிரெஸினே என்ற பொறியாளர், இறுக்கி இழுத்துப் பிடித்த எஃகுக் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகு கம்பியை விடுவிக்கும் முறைக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட்டை எந்நேரமும் அழுத்திப் பிடித்திருக்கும், அதனால் விரிசல் விடாது. இன்று பெரிய பெரிய பாலங்கள் எல்லாம் இந்த முறையில்தான் நிற்கின்றன. ஆனால் பிரெஸினே இதை வைத்து முதலில் செய்து விற்கப் பார்த்தது என்ன தெரியுமா? மின்கம்பம்! அப்போது உலகப் பொருளாதார மந்தம் வந்ததால் வியாபாரம் படுத்துவிட்டது. பாவம், அவர் பணமெல்லாம் போனது. பிற்பாடு துறைமுகக் கட்டடம் ஒன்று மண்ணில் அமிழ்ந்தபோது அதைக் காப்பாற்றித்தான் பெயர் எடுத்தார். அவருக்கு விலை போகாத அதே சரக்குதான் இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிற்கிறது.

சிமெண்ட் கம்பத்துக்குச் சாவே கிடையாது என்று நினைத்தால் அது தவறு. கான்கிரீட்டில் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து அது நெம்ப, சிமெண்ட் பொரிந்து விழும், கம்பி எலும்பு மாதிரி வெளியே தெரியும். பெரும்பாலும் இது தரையை ஒட்டிய ஒரு முழம் உயரத்தில்தான் நடக்கும். சாக்கடை ஈரம் அங்கேதான், குப்பையைக் குவித்துக் கொளுத்துவதும் அங்கேதான். மேலே பார்த்தால் கம்பம் திடமாக இருக்கும், காலடியில் உயிர் போயிருக்கும். ஸ்டே கம்பியின் புண்ணியத்தில் நிற்கும் கம்பங்களும் உண்டு. வயர்மேன் ஏறுவதும் அந்தக் கம்பத்தில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

கம்பத்தை மாற்றச் சொல்லும் இன்னொரு காரணம் பலர் கவனிக்காதது. பொதுவாகக் கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 8 மீட்டர் கம்பம் என்றால் சுமார் 1.33 மீட்டர் உள்ளே, மீதி 6.67 மீட்டர் வெளியே. தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொல்லின. பிறகு வந்த விதிகளிலும் அதே கணக்குத்தான். கம்பி நடுவில் தொய்யும், வெயிலில் இன்னும் தொய்யும். அதையும் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இப்போது தெருவுக்குப் புதுச் சாலை போடுகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டால் தரை அரை அடி உயரும். இரண்டு முறை போட்டால் ஓரடி. கம்பி கீழே வரவில்லை, தரை மேலே போய்விட்டது! வீடுகள் பள்ளத்தில் இறங்கியது போலவே கம்பங்களும் குட்டையாகிவிட்டன. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு கண்டிப்பாக அறிவுறுத்தியது.

இது வெறும் அளவுக் கணக்கு அல்ல. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசியது. 11 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. சாலை உயர்ந்திருந்ததும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. தேர் ஓடும் ஊர்களில் முன்கூட்டியே கரண்டை நிறுத்தி, குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் தேரை நகர்த்துவது வழக்கம். ஒரு நாள் அசந்தால் என்ன ஆகும் என்பதற்குக் களிமேடு சாட்சி.

இனி மறுபடியும் மரத்துக்கு வரலாம். மதுரையில் வைகைக்கு வடக்கே அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற குடியிருப்புகள் வயலும் கண்மாய்ப் பாசன நிலமுமாக இருந்த இடத்தில் எழுந்தவை. 1971இல் மதுரை மாநகராட்சியாக உயர்ந்த காலத்தை ஒட்டித்தான் இந்தப் பக்கம் ஊர் வேகமாக வளர்ந்தது. ஒரு காலனி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். முதலில் மனை பிரித்துக் கல் ஊன்றுவார்கள். அடுத்து சாலை, பிறகு கம்பம். அதற்கும் பிறகுதான் வீடு. வீடு கட்டிக் குடிவந்த பிறகு வெயில் தாங்காமல் வாசலில் ஒரு கன்று நடுவார்கள். எங்கே நடுவார்கள்? சாக்கடைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் மூன்றடி மண்ணில். கம்பம் நிற்பதும் அதே மூன்றடியில்தான்! வேறு இடமே கிடையாது. கன்று நடும்போது கம்பி எங்கோ ஆகாயத்தில் தெரியும். பத்தே வருடத்தில் வேம்பு அதைத் தொட்டுவிடும்.

1950இல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கிய வனமகோத்சவமும் இதில் கொஞ்சம் பங்குதாரர். நல்ல நோக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் சீக்கிரம் வளரும், அழகாகப் பூக்கும் என்பதற்காகத் தெருவோரங்களில் பரவலாக வைக்கப்பட்ட மரங்களைப் பாருங்கள். மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி விரிந்தால் ஒரு தெருவையே மூடும். மயிற்கொன்றையின் கொப்பு ஒரு காற்றுக்கு முறியும். கம்பிக்கு அடியில் வைக்கவே கூடாத மரங்கள் இவை.

காலனித் தெருக்களில் ஆக, சட்டப்படி கம்பம் முந்தி, மரம் பிந்தி. நஷ்டஈட்டுக்கு வழியில்லை. அழகர்கோவில் சாலை மாதிரி பழைய சாலைகளில் மரம் முந்தி. ஆனால் அங்கேயும் மரம் அரசுக்குச் சொந்தம், "உரியவர்" என்று நஷ்டஈடு கேட்டு வர ஆள் கிடையாது. அந்த நிழலில் பதநீர் விற்கிறவரோ, செருப்புத் தைக்கிறவரோ, பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகளோ சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. 1885இல் விதி எழுதியவர்கள் மரத்தைச் சொத்தாகப் பார்த்தார்கள், தேங்காய்க்கும் மாங்காய்க்கும் விலை போட்டார்கள். நிழலுக்கு விலை போடத் தெரியவில்லை. இந்தக் குறை இன்றுவரை சரிசெய்யப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

மரம் கழிக்கும் நாள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். "நாளை மின்தடை" என்று பேப்பரில் ஊர்ப்பெயர்கள் வரும். காலை 9 மணிக்குக் கரண்டு போகும். லைன் கிளியர் வாங்கி, ஏபி சுவிட்சைத் திறந்து, எர்த் ராடு போட்ட பிறகுதான் அரிவாளும் தொரட்டியும் மேலே போகும். (போக வேண்டும்! அவசரத்தில் இதில் ஒன்றைத் தவறவிட்டதால் உயிரை விட்ட தொழிலாளர்களின் செய்தி வருடந்தோறும் வருகிறது.) மதியத்துக்குள் முடிக்க வேண்டும், ஆள் குறைவு, மரம் அதிகம். எனவே கைக்கு எட்டிய உயரத்தில் மொட்டையாக வெட்டித் தள்ளுவார்கள். தழையை ஆட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். கனத்த கொப்பு விறகுக்குப் போகும். மீதி அடுத்த மழை வரை சாக்கடை ஓரத்திலேயே கிடக்கும்.

மொட்டையடித்தால் பிரச்சினை தீராது, கூடும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் ஒரு உண்மையைச் சொன்னார். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் கட்டி மூடுகிறது, அவ்வளவுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டினால் மரம் நன்றாக மூடிக்கொள்ளும். நடுக்கொப்பில் வெட்டினால் மூட முடியாது, அழுகும். அது மட்டுமல்ல, வெட்டிய வாயிலிருந்து பத்துப் பதினைந்து குச்சிகள் குப்பென்று கிளம்பும். வேம்பு இதில் கெட்டிக்காரன். இரண்டு மழைக்குள் அதே கம்பியைத் தொட்டு நிற்கும், முன்னைவிட வலுவில்லாத கொப்போடு. கம்பியின் பக்கம் போகும் கிளைகளை மட்டும் பிறந்த இடத்திலேயே எடுத்துவிட்டு மற்ற பக்கத்தை வளரவிட்டால், நான்கைந்து வருடத்துக்குத் தொந்தரவு இருக்காது. ஆனால் அதற்கு மரம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். வயர்மேனுக்குக் கரண்டு தெரியும், மரம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

வெட்டாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தது. தென்னையும் மாவும் கம்பி மேல் விழ, ஒரு கம்பம் சாய்ந்து அடுத்ததை இழுத்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் டெல்டாவுக்குப் போய் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். மதுரைக்குக் கடற்கரை இல்லை. ஆனால் சித்திரை, வைகாசிக் கோடை மழையில் அரை மணி நேரம் அடிக்கும் சூறைக்காற்றே ஒரு காலனியை இரவு முழுவதும் இருட்டில் வைக்கப் போதும்.

கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் வழக்கே முடிந்துவிடுமே என்று கேட்கலாம். நியூயார்க்கில் 1888 மார்ச்சில் பனிப்புயல் அடித்துக் கம்பிக் காடே சரிந்தபோது அந்த ஊர் அதைத்தான் செய்தது. சென்னையின் பல பகுதிகளிலும் கேபிள் தரைக்குள்தான் போகிறது. ஆனால் செலவு பல மடங்கு. தவிரவும் மூன்றடி மண்ணில் ஏற்கெனவே குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, டெலிபோன் கேபிள் எல்லாம் இருக்கின்றன. கேபிளுக்காகக் குழி தோண்டும்போது மரத்தின் வேர் அறுபடும். மேலே கொப்பு தப்பிக்கும், கீழே கால் போகும்! நடுவழி ஒன்று உண்டு. தனித்தனிக் கம்பிகளுக்குப் பதிலாக, உறை போட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கம்பத்திலேயே தொங்கவிடுவது. இலை உரசினாலும் தீப்பொறி வராது, மரத்தை அவ்வளவு வெட்டவும் வேண்டாம். கம்பம் மாற்றும்போதே இதையும் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

2010இல் மின்வாரியம் பல நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024இல் மீண்டும் பிரிந்து, இப்போது தெருக்கம்பங்களுக்குப் பொறுப்பு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எத்தனை முறை மாறினாலும் தெருவில் அது "ஈபி"தான். புதுக் கம்பம் நட்டு, கம்பிகளை மாற்றிக் கட்டி, பீஸ் போட்டுக் கரண்டு வந்ததும் ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். பழைய கம்பம் மட்டும் பல தெருக்களில் உடனே போகாது. மொட்டை வேம்புக்கும் புதுக் கம்பத்துக்கும் நடுவில், காலடி அரித்துப் போய் அது அங்கேயே நிற்கும். கேபிள் டிவி வயர் அதில்தான் கட்டியிருக்கிறது!